ஈட்டிக்காரன் யார்?

1991-ஆம் வருஷம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் மத்திய அரசு பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் விவசாயக் கடன் நிவாரணம் அறிவித்திருந்தது. தள்ளுபடி கிடைத்தவர்கள் போக, கிடைக்காதவர்களும் "அடுத்த தடவை நமக்கும் வரும்" என்று காத்திருந்த காலம். மேலிடத்திலிருந்து வசூல் வசூல் என்று நெருக்கடி. ஒரு புல்லட்டும் ஒரு கணக்குப் பையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு குடியானவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வாசலில் ஒரு பையன் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்ததும் அவனிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"டேய், உள்ள போடா. ஈட்டிக்காரன் வந்திருக்கான் பாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரசீது புத்தகத்தை எடுத்து, இறக்கி, ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அந்தச் சொல் உறுத்தியது. சின்ன வயசில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலும் இதே சொல்தான். சாப்பிட மறுத்தால், "ஈட்டிக்காரன்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்பாள் என் பாட்டி. அதே பெயர் நாற்பது வயசில் எனக்கே வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

அறுபது எழுபது வயசைத் தாண்டியவர்களுக்கு ஈட்டிக்காரனைத் தெரியாமல் இருக்காது. கண்ணால் பார்த்திராவிட்டாலும், கெடுபிடியாகக் கடன் கேட்கிறவனை "ஈட்டிக்காரன் மாதிரி வந்து நிக்கிறான்" என்று சொல்லக் கேட்டிருப்போம். தொளதொள கால்சட்டை, முழங்கால் வரைக்கும் சட்டை, பெரிய தலைப்பாகை, கையில் நீளத் தடி. வடக்கே எங்கோ மலைநாட்டிலிருந்து வந்து ஊர் ஊராக வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள். வடநாட்டில் அவர்களுக்குக் 'காபூலி' என்று பெயர். ரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா' கதையின் நாயகன் அப்படிப்பட்ட ஒருவன்தான்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஈட்டிக்காரர் கதை உண்டு. தாத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். என் அத்தை கல்யாணத்துக்காக 1937 வாக்கில் நாற்பது ரூபாய் கடன் வாங்கினார். வட்டி, ரூபாய்க்கு மாசம் ஒரு அணா. கேட்பதற்கு ஒரு அணாதானே என்றிருக்கும். நாற்பது ரூபாய்க்கு மாசம் நாற்பது அணா, அதாவது இரண்டரை ரூபாய். வருஷத்துக்கு முப்பது ரூபாய். நூற்றுக்கு எழுபத்தைந்து வட்டி! மூன்று வருஷத்தில் தொண்ணூறு ரூபாய் வட்டியாகவே போனது. அசல் நாற்பதும் அப்படியே நின்றது. கடைசியில் பாட்டி தன் காதுத் தோட்டை விற்று அடைத்தாள். அதற்குப் பிறகு அவள் தோடு போட்டு யாரும் பார்த்ததில்லை.

வேடசந்தூர்ச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன்தானே? அப்போது அவளுக்கு எழுபது வயசு.

"அவர் எப்படி இருப்பார் அத்தை?"

"ஈட்டியெல்லாம் கிடையாதுடா. அடியில இரும்புப் பூண் போட்ட தடி. ஆள் வாசலை அடைச்சுக்கிட்டு நிப்பான். அடிக்க மாட்டான், ஏச மாட்டான். திண்ணையில உட்காந்துக்குவான். பணம் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். தெருவே பாக்கும். அதுக்கு அடிச்சிருந்தாக்கூடத் தேவலை."

"தமிழ் பேசுவாரா?"

"பணம், இன்னிக்கு, நாளைக்கு இல்லே. இந்த மூணு வார்த்தைதான். தொழுகை நேரம் வந்தா ஒரு செம்பு தண்ணி கேப்பான். அவன் பாட்டுக்கு ஏதோ பேசுவான் பாரு, நம்ம பேகம்பூர் பாய்க்கே அது புரியாது."

"அவர் பேர் என்ன?"

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஈட்டிக்காரனுக்குப் பேரு வேறயா?"

மூன்று வருஷம், மாசம் தவறாமல் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தவர். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த ஊர், என்ன பாஷை, எந்தக் குலம், ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் 'பட்டாணியர்' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பேகம்பூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். 1755-இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராகத் திண்டுக்கல் கோட்டைக்கு வந்த கதையும், அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் என்பதால் பேகம்பூர் ஆனது என்பதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்துப் படைகளோடு வந்த குடும்பங்கள் வீட்டில் பேசுவது தக்கினி உருது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்பார்களே, அதுதான். 'நக்கோ' மராத்தியிலிருந்து வந்த சொல். முன்னோர் மலைநாட்டிலிருந்து வந்திருந்தாலும் தக்காணத்தில் பல தலைமுறை வாழ்ந்து பாஷை மாறிவிட்டது. ஈட்டிக்காரர் பேச்சு பேகம்பூர் பாய்க்குப் புரியாததன் காரணம் இதுதான்.

பெயரில் கான் இருந்தால் பட்டாணியர் என்றும் முடிவு கட்ட முடியாது. கான் என்பது பட்டமாகவும் வரும். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் யூசுப் கான் நம் ராமநாதபுரம் சீமைக்காரர்தானே.

உண்மையான பட்டாணியர் தங்களைச் சொல்லிக்கொள்வது பஷ்தூன் என்று. அதன் பன்மை 'பஷ்தானா'. அது வடநாட்டார் வாயில் 'பட்டான்' ஆகி, நமக்குப் 'பட்டாணியர்' என்று வந்து சேர்ந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானின் தெற்கு, கிழக்குப் பகுதிகளும் பாகிஸ்தானின் வடமேற்கு மலைகளும் அவர்கள் நாடு. அதில் பல குலங்கள். இந்தியாவுக்குள் மூட்டையோடும் பணத்தோடும் நடமாடிய நாடோடி வியாபாரிகளில் பெரும்பாலோர் 'கில்ஜி' என்ற பெருங்குலத்தைச் சேர்ந்தவர்கள். காபூலுக்கும் காந்தஹாருக்கும் இடையில் கஜினியைச் சுற்றிய மேட்டுநிலம் அவர்கள் பூர்வீகம்.

கில்ஜிகளின் தோற்றத்தைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று அவர்களுடைய வம்சாவளி சொல்வது. ஜஹாங்கீர் காலத்தில், 1613 வாக்கில், நியாமத்துல்லா என்பவர் பாரசீகத்தில் ஆப்கானியர் வரலாறு ஒன்றை எழுதினார். எழுதச் சொன்னவர் மொகலாயத் தளபதி கான் ஜஹான் லோடி. அதன்படி எல்லாப் பஷ்தூன்களுக்கும் மூலபுருஷர் கைஸ் அப்துர் ரஷீத். அவருக்கு சர்பன், பைத்தான், குர்குஷ்த் என்று மூன்று பிள்ளைகள். எடுத்து வளர்க்கப்பட்ட கர்லான் வழியில் நாலாவது கிளை. இதில் பைத்தானின் மகள் பீபி மத்தோ, கோர் நாட்டு இளவரசன் ஷா ஹுசேனை விரும்பினாள். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை உண்டானது. அந்தப் பிள்ளைக்கு 'கல் ஸோய்' என்று பெயர் வைத்தார்களாம். கல் என்றால் பஷ்தோவில் திருடன். திருட்டுத்தனமாகப் பிறந்த பிள்ளை என்று பொருள். அதுவே கில்ஜை, கில்ஜி ஆனது என்பது கதை. மத்தோவின் இன்னொரு மகன் வழியில் வந்தவர்கள் லோடிகள். 1451 முதல் 1526 வரை டெல்லியை ஆண்ட லோடி வம்சமும், பிறகு வந்த ஷேர் ஷாவின் சூர் குலமும் இந்தக் கிளைதான் என்று வம்சாவளி சொல்கிறது.

இரண்டாவது, வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. 10-ஆம் நூற்றாண்டு அரபு, பாரசீக நிலநூல்களில் கஜினி வட்டாரத்தில் கலஜ் என்ற மேய்ச்சல் இனத்தார் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. துருக்கி மொழி பேசியவர்கள். இவர்கள் பஷ்தூன்களோடு வாழ்ந்து, கலந்து, காலப்போக்கில் பஷ்தோ பேசும் கில்ஜிகளாக மாறினார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. கலஜ், கல்ஜி, கில்ஜி. பெயர் மாறியிருக்கும் வழியைப் பாருங்கள். மேற்கே போன கலஜ்களின் மொழி இன்றும் ஈரானில் ஒரு சில ஊர்களில் பேசப்படுகிறது. அது துருக்கி இன மொழிதான்.

இந்த இரண்டாவது கதை நமக்கு முக்கியம். 1290 முதல் 1320 வரை டெல்லியை ஆண்ட கல்ஜி வம்சம் இதே இனத்துப் பெயரைத் தாங்கியது. அலாவுதீன் கல்ஜி அனுப்பிய மாலிக் கபூர் 1311-இல் மதுரைக்கு வந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மதுரையைக் கொள்ளையிட்ட படையை அனுப்பிய சுல்தானும், ஆறு நூற்றாண்டு கழித்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தவரும் ஒரே பெயரின் இரண்டு முனைகளாக இருக்கலாம் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இடையில் வந்த பட்டாணியர்களும் உண்டு. 1702-இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட தாவூத் கான் பன்னி ஒரு பட்டாணியர். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நிஜாம் நாசிர் ஜங்கைச் சுட்டுக் கொன்றவர் ஒரு நவாப். அவரும் பட்டாணியர்தான். கர்நூல், கடப்பை, சவனூர் நவாபுகள் எல்லோரும் அப்படியே. ஆனால் இவர்கள் கில்ஜிகள் அல்ல. பன்னி, மியானா என்று வேறு கிளைகள். நம் பக்கத்தில் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் 'பட்டாணியர்' என்றுவிட்டோம். வடக்கே போனால் நம் எல்லோரையும் 'மதராஸி' என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி.

இனி கிளைகளைப் பார்ப்போம். பஷ்தூன் குலப்பெயர்களில் 'ஸை' என்று முடிந்தால் இன்னாருடைய மக்கள் என்று பொருள். நோபல் பரிசு வாங்கிய மலாலாவின் பெயரில் யூசுப்ஸை என்று வருகிறதே, அதுபோல. 'கேல்' என்று முடிந்தால் கூட்டம், வகையறா. நம் பக்கம் "இன்னார் வகையறா" என்பதற்கு நேரான சொல்.

கில்ஜிகள் இரண்டு பெரும் பிரிவு. தூரான் வழியில் ஹோத்தக், தோக்கி. புர்ஹான் வழியில் சுலைமான் கேல், அலி கேல், அந்தர், தரக்கி முதலியோர். இவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற நாசர், கரோட்டி என்ற நாடோடிக் கூட்டங்களும் உண்டு. இந்தப் பெயர்களைப் படிக்கும்போது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? 1709-இல் காந்தஹாரில் பாரசீக ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய மீர் வைஸ், ஹோத்தக் கிளை. அவர் மகன் மஹ்மூத் 1722-இல் பாரசீகத் தலைநகர் இஸ்பஹானையே பிடித்தார். ஆட்டு மந்தை மேய்த்த குலம் பாரசீகச் சிங்காசனத்தில் உட்கார்ந்தது. 1738-இல் நாதிர் ஷா காந்தஹாரைப் பிடித்தபோது அந்த ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் மேலே வந்தது அவர்களுடைய பரம எதிரிகளான அப்தாலி என்னும் துர்ரானிக் குலம்.

1978-இல் காபூலில் ஆட்சிக்கு வந்த நூர் முகம்மது தரக்கி, அந்தத் தரக்கிக் கிளைக்காரர். இளமையில் பம்பாயில் ஒரு உலர்பழ வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்குப் பின் வந்த ஹபீசுல்லா அமீன், கரோட்டி. நஜிபுல்லா, சுலைமான் கேலில் அஹ்மத்ஸை. பேப்பரில் படித்த பெயர்களெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள்.

வெள்ளைக்காரர்களும் கில்ஜிகளிடம் பட்டிருக்கிறார்கள். 1841-இல் காபூலில் இருந்த ஆங்கிலேயர், கணவாய்களைத் திறந்து வைப்பதற்காகக் கிழக்கு கில்ஜிகளுக்குக் கொடுத்துவந்த பணத்தைச் சிக்கனம் என்று பாதியாகக் குறைத்தார்கள். கணவாய் அடைபட்டது. 1842 ஜனவரியில் காபூலை விட்டுப் புறப்பட்ட படையும் பரிவாரமுமாகப் பதினாறாயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பனிக் கணவாய்களில் அழிந்தார்கள். அதில் ரொம்பப் பேர் நம் இந்தியச் சிப்பாய்களும் கூலிகளும்.

இப்படிப்பட்ட ஜனங்கள் திண்டுக்கல் வரைக்கும் வட்டிக்கு விட எப்படி வந்தார்கள்?

கில்ஜிகளில் ஒரு பகுதியினர் நாடோடிகள். 'பவிந்தா' என்றும் 'கூச்சி' என்றும் சொல்வார்கள். கோடையில் கஜினி மேட்டில் மேய்ச்சல். குளிர் தொடங்கினால் ஒட்டகமும் ஆடும் பெண்டு பிள்ளைகளுமாகக் கோமல் கணவாய் வழியாக இறங்கி, சிந்து நதிக்கரையில் தேரா இஸ்மாயில் கான் பக்கம் கூடாரம் அடிப்பார்கள். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் உலர்ந்த திராட்சை, பாதாம், பெருங்காயம், கம்பளி மூட்டையோடு இந்தியாவுக்குள் போவார்கள். வசந்தத்தில் திரும்பிவிடுவார்கள். நம் சாம்பாரில் விழும் பெருங்காயத்தை அந்த நாட்டுக்காரர்கள்தான் நூற்றாண்டுக் கணக்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தியாவில் பெருங்காயச் செடி பயிரிடும் முயற்சியே 2020-இல்தான் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கியது.

ரயில் வந்ததும் அவர்கள் வட்டம் பெரிதானது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1875-இல். சரக்கைக் கடனாகக் கொடுத்து அடுத்த வருஷம் வந்து வசூலிப்பது பழைய வழக்கம். அதுவே மெல்ல, சரக்கு இல்லாமல் பணத்தையே கடனாகக் கொடுப்பதாக மாறியது. வட்டி மார்க்கத்துக்கு விரோதம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் செய்தார்கள். 1931-இல் வெளிவந்த விட்லி கமிஷனின் தொழிலாளர் நிலை அறிக்கையிலேயே, சம்பள நாளில் ஆலை வாசலில் தடியோடு காத்திருக்கும் காபூலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்படி வாசலில் மறித்து நிற்பதையே குற்றமாக்க வேண்டும் என்று சிபாரிசும் செய்தார்கள். தோல் ஷாப்பும் சுருட்டுக் கம்பெனியும் இருந்த, மாசச் சம்பளம் புழங்கிய திண்டுக்கல்லை அவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்?

1996-இல் எனக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. உலர்பழ மண்டிகள் நிறைந்த காரி பாவ்லிக்கு ஒரு கடன் விஷயமாகப் போனபோது ஓர் ஆப்கானியப் பெரியவர் பழக்கமானார். கஜினிப் பக்கத்துக்காரர், சண்டைக் காலத்தில் இங்கே வந்துவிட்டவர். பேச்சுவாக்கில் எந்தக் குலம் என்று கேட்டேன். "கில்ஜி. சுலைமான் கேல்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடிந்ததும் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு ஓட்டை ஹிந்தி, அவருக்கு உடைந்த ஹிந்தி. பச்சை டீ நடுவில் இருக்கும்.

பஷ்தோ பற்றி அவரிடம் கற்றதும் பிறகு படித்துத் தெளிந்ததும் இது. பஷ்தோ, பாரசீகத்துக்கு உறவான ஈரானிய மொழி. நம் வடமொழிக்கும் தூரத்துச் சொந்தம். பழைய 'த' ஒலி பல இடங்களில் 'ல' ஆகியிருக்கிறது. தச என்பது அங்கே 'லஸ்'. பிதா 'ப்லார்'. துஹிதா, அதாவது மகள், 'லூர்'. மாதா 'மோர்'. "எங்கள் ஊரில் மோர் என்றால் தயிரைக் கடைந்து எடுப்பது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியம். நாக்கை மடித்துச் சொல்லும் நம் ட, ண போன்ற ஒலிகள் பாரசீகத்தில் கிடையாது. பஷ்தோவில் உண்டு. இலைக்கு அவர்கள் சொல் 'பாணா'. பர்ணசாலையில் வரும் பர்ணம்தான் அது. அவர் 'பாணா' என்று சொன்னபோது அந்த ணகரம் சுத்தமாக விழுந்தது. டெல்லியில் என் பெயரில் உள்ள ணகரத்தைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்!

வட்டார வழக்கு விஷயமும் நம் ஊர்க் கதைதான். நம்மிடம் ழகரம் என்ன பாடு படுகிறது? மதுரை, திண்டுக்கல் பக்கம் 'வாளப்பளம்'. சென்னைப் பக்கம் 'வாயப்பயம்'. ஒரே எழுத்து, ஊருக்கு ஊர் வேறு ஒலி. அதே மாதிரி பஷ்தோவில் ஓர் எழுத்து. காந்தஹாரில் அதை 'ஷ' என்கிறார்கள், அதனால் 'பஷ்தோ'. பெஷாவரில் தொண்டையிலிருந்து 'க்ஹ' என்கிறார்கள், அதனால் 'பக்தோ'. கஜினி கில்ஜிகள் இரண்டுக்கும் நடுவில். நாக்கை மேலண்ணத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் காற்றை மட்டும் விடுகிறார்கள். ஷகரமும் இல்லை, ஹகரமும் இல்லை. நான் எத்தனையோ தடவை முயன்றும் வரவில்லை. "நீ காந்தஹாருக்கும் வேண்டாம், பெஷாவருக்கும் வேண்டாம், திண்டுக்கல்லிலேயே இரு" என்று கேலி செய்தார். ஒருவர் வாயைத் திறந்து தன் மொழியின் பெயரைச் சொன்னாலே எந்தத் திசைக்காரர் என்று தெரிந்துவிடுமாம்.

அவர்களுக்குள் சந்தித்தால் சொல்லும் வாழ்த்து 'ஸ்தடை மஷே'. களைத்துப் போகாதிரு என்று அர்த்தம். பதிலுக்கு, 'க்வார் மஷே'. நொந்து போகாதிரு. மலையேறி மலையிறங்கி நடந்தே வாழ்ந்தவர்களின் வாழ்த்து அது.

ஒருநாள் அந்தக் 'கல் ஸோய்' கதையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். முகம் மாறிவிட்டது. "அது எங்களைப் பிடிக்காதவர்கள் கட்டியது" என்றார். பிறகு விரலை மடக்கித் தன் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஏழு தலைமுறைப் பெயரை வரிசையாகச் சொன்னார். ஏழு பாட்டன் பெயர் தெரியாதவன் பஷ்தூன் இல்லை என்று அவர்கள் சொல்வார்களாம். "நீ சொல்" என்றார். எனக்கு நாலாவது பெயரில் நின்றுவிட்டது.

பிறகுதான் எங்கள் திண்ணை விஷயத்தைச் சொன்னேன். நாற்பது ரூபாய், ஒரு அணா வட்டி, பாட்டியின் தோடு, எல்லாவற்றையும். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த வட்டி பாவம்தான்" என்றார். "ஆனால் ஒன்று சொல். உன் தாத்தா என்ன அடமானம் வைத்தார்?"

"ஒன்றும் இல்லை."

"பத்திரம்? ஜாமீன்?"

"அதுவும் இல்லை."

"பாஷை தெரியாத ஊரில், கோர்ட்டு தெரியாத ஒருவன், முகத்தைப் பார்த்து நாற்பது ரூபாய் கொடுத்திருக்கிறான். அவனுக்கும் அதை யாரோ கடன் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். வெறுங்கையோடு போனால் கூடாரத்துக்குள் நுழைய முடியுமா? உன் வங்கி அப்படிக் கொடுக்குமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். மாசச் சம்பளம் பதினைந்து ரூபாய், சொத்து இல்லை, ஜாமீன் இல்லை. என் மேஜைக்கு என் தாத்தாவே விண்ணப்பம் கொண்டுவந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். நூற்றுக்கு எழுபத்தைந்து வட்டியை நான் நியாயப்படுத்தவில்லை. அது எங்கள் குடும்பத்தை மூன்று வருஷம் உறிஞ்சியது. பாட்டியின் வெறுங்காதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் கல்யாணத் தேதி குறித்துவிட்டுக் கை பிசைந்து நின்ற தாத்தாவுக்கு அந்த ஊரில் வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதும் உண்மை.

ஈட்டிக்காரர்கள் போய்விட்டார்கள். கடனாளிகளைக் காக்கும் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1947-இல் தேசம் பிரிந்து நடுவில் எல்லை விழுந்தது. 1961-இல் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் சண்டையிட்டு எல்லையை மூடியபோது, நூற்றாண்டுகளாக நடந்த பவிந்தாக்களின் குளிர்காலப் பயணமும் நின்றுபோனது. நம்மிடம் மிஞ்சியது ஒரு வசைச்சொல். அதுவும் வேடசந்தூர்ப் பாட்டி வரைக்கும் வந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பட்டத்தைச் செல்போனில் மிரட்டிக் கடன் வசூலிக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

டெல்லிப் பெரியவர் 1999-இல் காலமானார் என்று அவர் கடைப் பையன் கடிதம் போட்டிருந்தான். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் உயிரோடு இருந்தபோது ஒருதரம் ஊருக்கு வந்து, கில்ஜி, சுலைமான் கேல், கஜினி, பஷ்தோ என்று நான் தெரிந்துகொண்டதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அவ்வளவு தூரத்துல இருந்தாடா வந்தான்?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி கேட்டப்ப ஒருநாள் இல்லைன்னு சொல்லிட்டேன்டா, கோவத்துல" என்றாள்.

அவர் பெயரை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கும் ஏழு பாட்டன் பெயர் தெரிந்திருக்கும்.